திரையில் நின்றுபோன முகம்

என் மனைவி தன்னை வரையச் சொல்லி என்னிடம் கேட்டது ஒரே ஒரு முறைதான். கல்யாணமான நாலாவது வருடம் அது. மர்பி டவுனில் இப்போது இருக்கும் இதே மாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிது. அல்சூர் ஏரிப் பக்கம் உட்கார்ந்து நான் வரைந்த படங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தேன். பூக்காரி, ஆட்டோவுக்குள் கால் மடக்கித் தூங்கும் டிரைவர், சர்ச் வாசலில் மெழுகுவர்த்தி விற்பவர், இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி அள்ளும் ஆட்கள். டியூட்டி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் வரையறீங்க. என்னை ஒரு வாட்டி வரைஞ்சா என்னவாம்?"

"வரையலாம், வரையலாம். நீ எங்க போயிடப்போற?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சருக்கும் சயன்ஸ் டீச்சருக்கும் முதலில் ஞாபகம் வருவது என் பீரியட்தான். பிள்ளைகளுக்கு இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன், கீழே ஒரு வீடு என்று வரைவதைத் தவிர வேறெதையும் சொல்லிக் கொடுப்பதற்குள் வருடம் முடிந்துவிடும். என் சொந்த வேலையெல்லாம் வீட்டில்தான், ஆயில் பெயின்டில். சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில் கிழக்கே ஒரு ஜன்னல். காலை ஏழு மணிக்கு உள்ளே வரும் வெளிச்சம் ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தால் முழுசாக ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அந்த அறையில் அடிக்கும், பெயின்டில் கலக்கும் லின்சீட் எண்ணெய் வாசனை சாதத்தில்கூட ஏறிவிடுகிறது என்று அவள் சொல்வாள். ஆனால் ஜன்னலோரத்தில் துணி காயப்போட்டு என் வெளிச்சத்தை அவள் ஒரு நாளும் மறைத்ததில்லை.

அவள் நர்ஸ். எங்கள் மகளுக்கு எட்டு வயதானபோது மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு. யோசிக்க நான்கு நாள் கேட்டேன். மூன்றாம் நாளே அவள் பேசிவிட்டாள்.

"பத்து வருஷமா ஒரே வார்டுங்க. ட்ரிப் மாத்தறது, பெட்ஷீட் மாத்தறது. அங்க ஐ.சி.யூ.ல போடறேன்னு சொல்றாங்க. எனக்கு அந்த வேலை வரும். ஒருத்தரும் குடுக்க மாட்டேங்கறாங்க, அவ்ளோதான்."

நல்ல பெயின்டை எடுத்து வைத்துக்கொண்டு வருடக்கணக்காகச் சார்ட் பேப்பரில் சூரியன் வரைந்துகொண்டிருப்பவனுக்கு அது புரியாமல் போகுமா? போய்விட்டு வா என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் போன பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை, ஏரியை வரையலாம் என்று கேன்வாஸை எடுத்து மாட்டினேன். கை ஏரியை வரையவில்லை. கரித்துண்டால் அவள் முகத்தை வரைய ஆரம்பித்தது. நெற்றி வந்தது, மூக்கு வந்தது. காதுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்திருந்தவளின் காது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோ டிரைவரின் மூக்குத்தண்டில் இருந்த வெட்டுத் தழும்பு தெரியும். பூக்காரியின் கட்டைவிரல் நகம் தெரியும். இது தெரியவில்லை. பக்கத்து அறையில் ஹோம்வர்க் எழுதிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டேன்.

"மம்மியோட காது எப்படி இருக்கும்?"

"காது மாதிரிதான் டாடி இருக்கும்."

வீட்டில் இருந்த போட்டோக்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் அவளை வெள்ளையடித்து வைத்திருந்தார். மற்ற போட்டோக்களில் அவள் ஓரத்தில் நின்று யாருக்காவது பரிமாறிக்கொண்டிருந்தாள், அல்லது மகளைத் தூக்கிப் பிடித்து அவளுக்குப் பின்னால் மறைந்திருந்தாள். பாதிப் படங்களை எடுத்ததே அவள்தான்.

அதனால் போனைப் பிடித்தேன். அவள் டியூட்டி முடிந்து ஹாஸ்டல் அறைக்கு வரும்போது எங்களுக்குச் சாயங்காலம் ஐந்தரை. தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, எதையாவது சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள். முதலில் மகள் பேசுவாள். அவள் விளையாடப் போன பிறகு நான் மடியில் ஸ்கெட்ச் புக்கை வைத்துக்கொண்டு உட்காருவேன். பேச்சு ஒரு பக்கம் ஓடும், பென்சில் ஒரு பக்கம் ஓடும்.

ஓவியனுக்குப் போன் திரையைப் போல ஒரு எதிரி கிடையாது. ஹாஸ்டல் டியூப்லைட்டில் அவள் நீலமாகத் தெரிவாள். அடுத்த நாள் போனே எதையோ செய்து அவளை ரோஜா நிறமாக்கிவிடும். அவள் நிறம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பர்ன்ட் சியன்னா, ரா அம்பர் என்ற இரண்டு பழுப்புகளோடு துளி நீலம் கலந்தேன். செங்கல் வந்தது. மஞ்சள் சேர்த்தேன். காய்ந்த மண் வந்தது. கடைசியில் மகளை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கலந்த நிறத்தை அவள் முழங்கைக்கு மேலே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். டர்பன்டைனால் துடைத்தால் எரியும் என்பதற்காகத் தேங்காய் எண்ணெயால் துடைப்பேன். அவளுக்குக் கூசும்.

"மம்மி என்னைவிடக் கறுப்பு டாடி. இன்னும் கொஞ்சம் போடுங்க."

நான் கொஞ்சம் அம்பர் சேர்த்தேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இப்போ கரெக்ட். ஆனா மம்மி வெயில்ல நடந்து வந்தா வேற மாதிரி இருப்பாங்க." அதைக் கேட்டதும் எனக்கு என் மனைவியை வெயிலில் நடந்து வரும்போது பார்க்க வேண்டும் போல ஆகிவிட்டது. காலை பத்து மணி வெயிலில், கையில் காய்கறிப் பையோடு, சந்து முனையில் திரும்பும்போது. அன்றைக்கு அப்புறம் வேலை ஓடவில்லை.

சில நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே நெட் திக்கும். திரையில் அவள் முகம் அப்படியே நின்றுவிடும், பத்து விநாடி, சில நேரம் அரை நிமிடம். மற்றவர்கள் சலித்துக்கொள்ளும் அந்த நேரத்துக்காக நான் காத்திருப்பேன். அசையாத மாடல் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்? அவசர அவசரமாகக் கோடு இழுப்பேன். அவள் காதை நான் முதலில் ஒழுங்காகப் பார்த்தது அப்படி ஒரு அரை நிமிடத்தில்தான். மடல் கொஞ்சம் வெளியே விரிந்து, கம்மல் ஓட்டை சற்றே கீழே இறங்கியிருந்தது.

இரண்டாவது வருடம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் அவள் வழக்கத்தைவிட நேரம் கழித்துக் கூப்பிட்டாள். யூனிபார்ம்கூட மாற்றவில்லை. கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டையின் பச்சை நாடா. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். படம் நின்றது.

அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உதடு லேசாகப் பிரிந்திருந்தது. கண் என்னை நேராகப் பார்த்தது, ஆனால் பாதி பயத்தோடு. ஜன்னல் பக்கமிருந்து வந்த வெளிச்சம் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேலே அப்படியே நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு வரைந்தேன். இணைப்பு திரும்பி வந்தபோது நாடாவின் மடிப்பு மட்டும் பாக்கி.

"அப்படியே இரு, தலையைத் திருப்பாத" என்றேன்.

அவள் அப்படியே இருந்தாள். நான் முடித்தேன். "சரி, ரெஸ்ட் எடு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, பேச்சுவாக்கில், "லீவு ஏப்ரல்ல தருவாங்க, அப்புறம் திரும்ப வந்து அந்த ரெண்டு வருஷத்துல மிச்சம்" என்றாள்.

"எந்த ரெண்டு வருஷம்?"

"அதான், கையெழுத்துப் போட்டேன்னு சொன்னேனே."

"எப்போ சொன்ன?"

"சொன்னேங்க."

"நீ சொல்லவே இல்ல."

"சொன்னேன். நீங்க ஒண்ணுமே பேசல. சரின்னுதான் நெனச்சேன்."

அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். கேட்டால் நான் தடுப்பேன் என்று பயந்து, என்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, இப்போது சொன்னதாகச் சாதிக்கிறாள் என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். பன்னிரண்டு நாள் இருவரும் பேசவில்லை. மகள் மட்டும் பேசிவிட்டுப் போனை என்னிடம் நீட்டுவாள். கையில் பெயின்ட் என்பேன். பிறகு எப்படியோ பேச ஆரம்பித்தோம், அந்த விஷயத்தை மட்டும் தொடாமல்.

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் அந்த ஸ்கெட்ச்சை விட முடியவில்லை. மூன்றடிக் கேன்வாஸில் ஐந்து மாதம் வேலை செய்தேன். பின்னணிக்கு என்ன போடுவது என்று தெரியாமல் ஒன்றும் போடாமல் விட்டேன். வெறும் சாம்பல் பச்சை. கடைசி நாள் நாடாவுக்குப் பச்சை வைத்ததும் அவள் அறைக்குள் வந்து நின்றதுபோல இருந்தது. கேன்வாஸுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு லேட்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாலை முழுக்க ஓவியர்கள் படங்களைப் பரப்பி வைக்கும் நாளில், நானும் ஒரு நடைபாதை ஓரத்தில் இடம் பிடித்தேன். ஏரிப் படங்களோடு இதையும் கொண்டுபோயிருந்தேன், விற்பதற்கு இல்லை, பார்க்கட்டும் என்று. ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா, பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, அதன் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் நின்றார். நான் தமிழில் போன் பேசியதைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"இவங்க ஏதோ சொல்ல வராங்க இல்லையா?"

"ஆமாங்க."

"என்ன சொல்ல வராங்க?"

"தெரியாதுங்க" என்றேன். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை.

அவர் அதை வாங்கிக்கொள்ள விரும்பினார். அங்கிருந்தே மனைவிக்குப் போன் செய்தேன். "யார் வீட்டுச் சுவத்துலயோ நான் போய்த் தொங்கணுமா?" என்று சிரித்தாள். பிறகு, "குடுத்துடுங்க. நான்தான் ஏப்ரல்ல நேர்ல வரேனே" என்றாள். கொடுத்துவிட்டேன். அந்த அம்மா வைட்ஃபீல்ட் முகவரியையும் நம்பரையும் எழுதிக் கொடுத்து, "எப்போ பார்க்கணும்னு தோணினாலும் வாங்க" என்றார்.

ஏப்ரலில் அவள் வந்தாள். ஐந்து வாரம். ஏர்போர்ட்டில் அவளைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது, கன்னத்து நிழலில் நான் நீலம் கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்பதுதான். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இரண்டாவது வாரம் அவளே சொன்னாள், "அந்தப் படத்தைப் பார்க்கணுங்க. போன்ல பார்த்ததுதானே." மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அல்சூரில் மெட்ரோ ஏறினோம். வைட்ஃபீல்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி, "யார் மனேகே?" என்று, யார் வீட்டுக்குப் போகிறோம் எனக் கன்னடத்தில் கேட்டு, நோட்டில் எழுதச் சொன்னார். வந்த காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று விழித்தேன். அவள் பேனாவை வாங்கி 'விசிட்' என்று எழுதினாள்.

எட்டாவது மாடி. அந்த அம்மா கதவைத் திறந்து, அவளைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வாம்மா, உன்னைத்தான் தினமும் பார்க்கறேனே. உன்கூடத்தான் காபி குடிக்கறேன்" என்றார். படம் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டியிருந்தது. வெயில் நேராக விழாத சுவர். நல்ல இடம்.

அந்த அம்மா காபி போட உள்ளே போனார். என் மனைவி படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் அழகாயிருக்கிறது என்பாள், அல்லது மூக்கு சரியில்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கழுத்து நாடாவை விரலால் தொடாமல் காட்டினாள்.

"நான் ரூமுக்கு வந்ததும் முதல்ல இதைக் கழட்டி ஆணியில மாட்டிடுவேன். அப்புறந்தான் போனே எடுப்பேன். வேற என்னைக்காவது பார்த்திருக்கீங்களா என்னை இதோட?"

யோசித்தேன். "இல்ல."

"ஒரே ஒரு நாள்தான் கழட்டாம பேசினேன். ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு நேரா வந்து உங்களுக்குப் போன் பண்ணேன். இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் போட்டுட்டேன், நீங்க கோச்சுக்கக் கூடாது, பாப்பாவ எப்படியாவது பார்த்துக்கோங்கன்னு மூச்சு விடாம சொன்னேன். உங்க மூஞ்சி அப்படியே இருந்துது. அமைதியா கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

அந்த ஒரு நிமிடம் அவளுடைய திரையிலும் நான் நின்றுபோயிருக்கிறேன், அவள் குரல் என்னை எட்டவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்புறம் நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'அப்படியே இரு, தலையைத் திருப்பாத'ன்னீங்க. நான் என்ன நெனைக்கறது? நானும் அப்படியே இருந்தேன்."

அவள் சொன்னது உண்மை. அதற்குச் சாட்சி ஒன்று உலகத்தில் இருந்தது. அதை ஐந்து மாதம் என் கையாலேயே தீட்டியிருக்கிறேன். அவள் எந்த வார்த்தையைச் சொல்லப் பயந்தாளோ அந்த வார்த்தை அவள் உதட்டில் இருந்தது. நான் அந்த உதட்டுக்கு எந்தச் சிவப்பு என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த அம்மா காபியோடு வந்தார். மூவரும் படத்துக்கு எதிரே உட்கார்ந்து குடித்தோம். கிளம்பும்போது, "வேணும்னா திரும்ப எடுத்துட்டுப் போங்க, எனக்கு வருத்தம் இல்ல" என்றார் மெதுவாக. நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "இங்கயே இருக்கட்டும்மா. உங்களுக்குத் துணையா இருக்கும்" என்றாள்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் கூட்டம். ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றோம்.

"அன்னைக்கு உன்னைப் பொய் சொல்றன்னு சொன்னேன்" என்றேன்.

"ஆமா."

"தப்புதான்."

"அது போவுது விடுங்க. நீங்க என்னைப் பார்த்துட்டே இருந்தீங்க, அது எனக்குத் தெரியும். கேட்டிருக்கலாம், அவ்ளோதான்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த ஸ்டேஷனில் ஏறிய கூட்டம் எங்களை நெருக்கித் தள்ளியது. அவள் நெற்றி என் தோளில் இடித்தது. அப்படியே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. பழக்க தோஷத்தில் பெயின்ட் டியூபை எடுத்துவிட்டேன். "கொஞ்ச நேரம் ஜன்னல்கிட்ட உட்காரேன்" என்றேன். அவள் மார்க்கெட்டில் வாங்கிய இறாலை ஒரு பேசினில் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "வரையறது வேணாம். உரிங்க" என்றாள். மிச்சமிருந்த மூன்று வாரமும் நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. வரையாமல் அவளைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கை அரித்தது. அவள் தூங்கும்போது, தலை துவட்டும்போது, மகளின் கணக்கு நோட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கும்போது எல்லாம் விரல் தானாகத் தொடையில் கோடு போடும். நிறுத்திக்கொள்வேன். ஐ.சி.யூ. பற்றிச் சொன்னாள். மூச்சுக் குழாயை எடுத்த பிறகு முதல் வார்த்தையாகத் தன் ஒட்டகத்தின் பெயரைச் சொன்ன கிழவரைப் பற்றிச் சொன்னாள். அவள் அந்த வேலையில் கெட்டிக்காரி என்று நான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அந்த இறால் பேசினுக்கு முன்னால்தான்.

பிறகு அவள் போய்விட்டாள். ஏர்போர்ட்டுக்கு மகளும் வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போன என் மனைவி திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு டிராலிக் கூட்டம் நடுவில் வந்துவிட்டது.

அவள் போய் ஒரு மாதம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு பெல் அடித்த நேரம், போனில் ஒரு படம் வந்தது. மருந்து கம்பெனி நோட் பேடில் நீல பால்பாயின்ட் பேனாவால் அவள் வரைந்தது. அவள் வரைந்து நான் பார்த்ததே இல்லை. கோடெல்லாம் கோணல். ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஏ.சி. பெட்டிகள் மாட்டிய ஒரு கட்டடம், ஒரு ஒற்றைப் பேரீச்ச மரம், தூரத்தில் மொட்டை மலை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கட்டிலின் ஒரு மூலை. கீழே எழுதியிருந்தாள்: 'இங்க உக்காந்துதான் உங்ககூடப் பேசுவேன்.'

கிட்டத்தட்ட மூன்று வருடமாக அந்த அறையிலிருந்து என்னைப் பார்த்த முகத்தை வரைந்திருக்கிறேன். அந்த முகத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அதனால்தான் என் படத்தில் பின்னணி வெறும் சாம்பல் பச்சையாக நின்றுபோயிருக்கிறது.

சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது ஸ்கெட்ச் புக் பக்கத்து அறையில் இருந்தது. போய் எடுக்கவில்லை.

"அந்த மலை எந்தப் பக்கம்? காலையில வெயில் அங்கிருந்து வருமா?" என்று கேட்டேன்.

"இல்லங்க, அந்தப் பக்கம்தான் மறையும். மறையும்போது மலை சேப்பா ஆயிடும், நம்ம வீட்டு மொட்டை மாடித் தரை இருக்குல்ல, அந்தக் கலர்."

"கட்டிலுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒரு பீரோ. அது மேல ரூம்மேட்டோட கள்ளிச்செடி. சொன்னா புரியாது, இருங்க" என்று சொல்லிப் போனைத் தூக்கினாள். திரை ஒரு குலுக்குக் குலுங்கி, அவள் முகம் போய், அறை மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.